மடை திறந்த கால்

என் அன்புத் தம்பிக்கு,

நம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். அதற்காக என்னிடம் படித்த ஒருவன் வீடு தேடி வந்து உட்கார்ந்துகொண்டான். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. "டீச்சர், மன்னார்குடியிலயே உங்க அளவுக்கு ஊர் சுத்துனவங்க யாரும் இல்ல. வெளிநாட்டுல உங்களுக்குப் பிடிச்ச இடம், மறக்க முடியாத அனுபவம், எல்லாத்தையும் ரெண்டு பக்கத்துக்குள்ள எழுதிக் கொடுங்க" என்றான். ரெண்டு பக்கமா, எனக்கா என்று சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டேன். நாலு நாளாக எழுதுகிறேன். எழுத எழுத, 'நீ இதைப் பார்த்திருக்க வேண்டும்', 'நீ இருந்திருந்தால் இதற்கு என்னை எப்படிக் கிண்டல் செய்திருப்பாய்' என்றே வரிக்கு வரி வருகிறது. ஊரில் எல்லோரும் படிக்கிற மலரில் அதெல்லாம் எதற்கு? அவனுக்கு நீர்வீழ்ச்சிகளைப் பற்றி வேறு ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். இது உனக்கு மட்டும். என்னோடு ஊர் சுற்றும் பாத்திமாவுக்குக்கூடப் படித்துக் காட்டவில்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது. போன தையில், பொங்கலன்று, நீ வாசலிலிருந்தே திரும்பிப் போனாய். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் உன்னிடமிருந்து ஒரு செய்தி வருகிறது. 'நலம்.' மூன்றே எழுத்து. நான் எதைக் கேட்டாலும் அதே மூன்று எழுத்து. கூப்பிட்டால் எடுப்பதில்லை. இதோ ஆனியும் வந்துவிட்டது. வரும் புரட்டாசியில் எங்கள் பயணக் கூட்டம் ஆஸ்திரேலியா வருகிறது. உன் மெல்போர்னில் எங்களுக்கு ஒரு முழு நாள் ஓய்வு. அன்றைக்கு உன்னைப் பார்க்க முடியுமா, முடியாதா? நான் கேட்க வந்தது இதுதான். ஆனால் நேராகக் கேட்டால் நீ 'நலம்' என்பாய். அதனால் நான் பார்த்த இடங்களின் வழியாக நடந்து வருகிறேன், பொறுமையாகப் படி. வாத்தியாரம்மா பெற்ற பிள்ளை, பழக்கம் இருக்கும்.

முப்பத்தோரு வருஷம் பூகோளம் நடத்தினேன். உலகத்து ஆறுகள் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவேன். ஆனால் அத்தனை வருஷத்தில் நான் நேரில் போய்ப் பார்த்த அதிகபட்சத் தூரம் திருப்பதிதான். உன் அப்பா போன மறு வருஷம் ஓய்வு பெற்றேன். இனிமேல் இவள் மூலையில் உட்கார்ந்து அழுவாள் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் நினைத்தபோது நான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். சென்னை விமான நிலையத்துக்கு நீதான் வந்து வழியனுப்பினாய். "அம்மா, விமானத்துல ஜன்னலத் திறக்கக் கூடாது, தெரியும்ல?" என்று கேட்டாய். நான் உன் முதுகில் ஒன்று வைத்தேன். அந்தக் கிண்டல் இப்போது வேறு மாதிரி சுடுகிறது, ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

முதல் பயணம் கம்போடியா. எல்லோரும் அங்கே கோயில் பார்க்கப் போவார்கள். நானும் பார்த்தேன், வாய் பிளந்து பார்த்தேன். ஆனால் என்னை அசையவிடாமல் நிறுத்திவைத்தது தலைநகரத்துக்குள் ஓடும் ஓர் ஆறு. ஆவணி மாதம். படித்துறையில் நிற்கிறேன். ஆகாயத்தாமரைக் கொத்துகள் மிதந்து போகின்றன. நம் வாய்க்காலை அடைத்துக்கொண்டு கிடக்குமே, அதே ஊதாப் பூ. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. கடல் இருப்பது எனக்கு வலப்பக்கம், பூ போவது இடப்பக்கம். படகுக்காரர் ஒருவரைக் கேட்டேன், வழிகாட்டி சொல்லிப் புரியவைத்தார். மழைக்காலத்தில் பக்கத்துப் பெரிய ஆற்றில் வெள்ளம் ஏறும்போது, இந்த ஆறு அப்படியே திரும்பிப் பின்னோக்கி ஓடி, மேலே இருக்கும் ஏரியை நிரப்புமாம். மழை ஓய்ந்ததும் மறுபடி கடலைப் பார்த்து ஓடுமாம். வருஷா வருஷம் இப்படித்தானாம்.

அட கடவுளே! ஆறு மலையில் பிறந்து கடலில் கலக்கும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன், மாற்றி எழுதிய எத்தனை பேருக்கு மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேன்! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் கடைமடைக்காரி. கீழ்வேளூர்ப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு ஆற்றுத் தண்ணீர் என்றால் மேலே இருப்பவர்கள் எல்லோரும் பாய்ச்சியது போக மிச்சம். கடைசி வயலுக்கு வரும் கடைசித் தண்ணீர். இந்த ஆறு மட்டும் எங்கள் ஊரில் ஓடியிருந்தால் வருஷத்தில் பாதி நாள் நாங்கள்தானே தலைமடை! அதை நினைத்துப் படித்துறையில் நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். படகுக்காரரும் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தார்.

ஐஸ்லாந்துக்குப் போனபோது பாத்திமா சேர்ந்துகொண்டாள். நாகூர்க்காரி, நம் வீட்டுக்குச் சிவப்புப் பெட்டியோடு ஒருமுறை வந்தாளே, அவள்தான். அவள் வீட்டுக்காரர் இருபத்தைந்து வருஷம் வளைகுடாவில் இருந்தார், ஒரு தடவைகூட இவளை அழைத்துப் போகவில்லை. "அவங்க பார்த்த பாலைவனம் அவங்களோட இருக்கட்டும், எனக்கு ஐஸக் காட்டுங்க டீச்சர்" என்று கிளம்பியவள். உள்ளே மூன்று ஸ்வெட்டர், மேலே கம்பளிக் கோட்டு, அதற்கு மேலே மிதவைச் சட்டை என்று இருவரும் மூட்டையாகப் படகில் உட்கார்ந்து, பனியாறு உடைந்து ஏரியில் மிதக்கும் இடத்துக்குப் போனோம். பனி வெள்ளை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். நீலமடா தம்பி, நீலம்! வேட்டிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கரைத்து உறையவைத்த மாதிரி. படகோட்டிய பெண் தண்ணீரிலிருந்து ஒரு துண்டை எடுத்து உடைத்து எங்கள் கையில் கொடுத்து, காதில் வைத்துக் கேளுங்கள் என்றாள். வைத்தேன். கடுகு பொரிவது போலச் சின்னச் சின்னதாகச் சத்தம். எந்தக் காலத்திலோ பெய்த பனிக்குள் சிக்கிக்கொண்ட காற்று இப்போது உருகும்போது வெளியே வருகிறதாம். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு அஸ்திவாரம் தோண்டுவதற்கு முந்தின காற்றாக இருந்தாலும் இருக்கும். அது என் காதுக்குப் பக்கத்தில் விடுபட்டு என் மூச்சில் கலக்கிறது. எனக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது. பாத்திமா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், பல்லு கூசுதா?" என்றாள். அவள் தன் துண்டை அதற்குள் வாயில் போட்டிருந்தாள்.

அடுத்த வருஷம் நெதர்லாந்து. கடலோரத்தில் ஒரு நீண்ட கரை மேல் ஏறி நின்றேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கீழே புல்வெளி, அதில் மாடுகள். கண்ணால் பார்த்தாலே தெரிகிறது, கடல் மேலே, மாடு கீழே. மாடுகளின் தலைக்கு மேலாக ஒரு கப்பல் போகிறது. அதுகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான்தான் கடலையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். உனக்கு ஒன்பது வயதில் வேதாரண்யத்தில் உன் அப்பா வீட்டுப் பக்கம் புயலடித்ததே, ஞாபகம் இருக்கும். கடல் ஏறி வந்து தாத்தாவின் வயலில் மூன்று நாள் நின்றுவிட்டுப் போனது. தண்ணீர் வடிந்ததும் நான் அப்பாவை நச்சரித்தேன். "வாய்க்காலத் திறந்து விடுங்க, விதையப் போடுங்க, ஏதாச்சும் செய்யுங்க, சும்மா நின்னா எப்புடி?" அப்பா குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு இருக்கு. மழைக்கு விடு" என்றார். அடுத்த வருஷமும் நாக்கில் மண், "மழைக்கு விடு". உப்பளத்து ஊரில் பிறந்த அவருக்குத் தெரிந்த வைத்தியம், தண்ணீருக்கு அலைந்த ஊரில் பிறந்த எனக்குச் சோம்பேறித்தனமாகப் பட்டது. வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். மூன்றாம் வருஷம் அந்த வயல் விளைந்தது. அப்போதாவது அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நெதர்லாந்தில் கடலை வெளியே நிறுத்திவைக்கும் இரும்புக் கதவுகளைப் பத்துப் படம் எடுத்தேன். ஒரு மூடிய கதவு ஒரு நாட்டையே காப்பாற்றுகிறதே என்று பாத்திமாவிடம் வாய் ஓயாமல் வியந்தேன். மண்டைக்குள் ஒன்றும் ஏறவில்லை.

ஏறாததற்குக் காரணம் என் கால். சிரிக்காதே. எங்கள் ஊரில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். எங்கள் முறை வரும்போது மேலே இருப்பவர்கள் சத்தமில்லாமல் வாய்க்காலில் மண்ணைப் போட்டு அடைத்துவிடுவார்கள். எனக்குப் பதினோரு வயது. என் அப்பாவோடு வயலுக்குப் போனேன். அவர் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்குவதற்குள் நான் குதிகாலால் நாலு இடி இடித்து அடைப்பை உடைத்துவிட்டேன். தண்ணீர் குபுகுபுவென்று எங்கள் பக்கம் பாய்ந்தது. "எம் பொண்ணு காலு மண்வெட்டிடா!" என்று அவர் டீக்கடை வரைக்கும் போய்ச் சொன்னார். அந்தப் பாராட்டை ஐம்பத்தைந்து வருஷமாகச் சுமந்துகொண்டு திரிகிறேன். எது மூடியிருந்தாலும் எனக்குப் பொறுக்காது. யாரோ நம் பங்கை அமுக்குகிறார்கள் என்றே தோன்றும். பன்னிரண்டாம் வகுப்பில் நீ அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தால், பால் வேண்டுமா, பழம் வேண்டுமா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்தேன். ஒரு நாள் நீ உள்ளே தாழ்ப்பாள் போட்டாய். மறுநாளே ஆசாரியை வரவழைத்துத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். பெற்றவளுக்குத் தெரியாமல் உள்ளே உனக்கு என்ன வேலை என்று கேட்டேன். நீ கதவில் இருந்த நாலு திருகாணி ஓட்டைகளையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாய். அதை நான் பார்த்தேன். பார்த்தும் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இப்போது அந்தப் பொங்கல் விஷயத்துக்கு வருகிறேன். நீயும் நித்யாவும் பிரிந்து அப்போது இரண்டு வருஷமாகியிருந்தது. போனில் நீ ஒரே ஒரு முறை சொன்னாய், "இதப் பத்தி மட்டும் எதுவும் கேக்காதம்மா." நான் கேட்கவில்லை. கேட்காமலே செய்தேன், அது அதைவிட மோசம். பொங்கலுக்கு நீ வருகிறாய் என்று தெரிந்ததும் திருச்சிக்குப் போன் போட்டு நித்யாவிடம், "அவன் வரலம்மா, நான் ஒண்டியாக் கெடக்குறேன், வந்து ஒரு வேளை சாப்ட்டுட்டுப் போயேன்" என்றேன். அப்பட்டமான பொய். பாவம், அவள் விடிகாலை பஸ் பிடித்து மஞ்சள் கொத்தோடு வந்து சேர்ந்தாள். பால் நுரைத்து மேலே வரும் நேரம், நீ பையோடு வாசலில் நின்றாய். எனக்கு மனசுக்குள் குலவை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் போதும், அடைப்பு உடைந்துவிடும் என்று நம்பினேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. அவளைப் பார்த்து, "உங்கிட்டயும் சொல்லலையா?" என்றாய். அவள் இல்லை என்று தலையாட்டினாள். "சரி, நீ சாப்ட்டுட்டுக் கெளம்பு" என்று அவளிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, பையைக் கீழே வைக்காமலே திரும்பி நடந்தாய். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. பொங்கலோ பொங்கல் என்று சொல்ல ஒரு வாய் இல்லை. நித்யா அடுப்பைத் துடைத்து வைத்துவிட்டு மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பினாள். "அத்தை, நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சீங்க. எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். இப்படியும் ஒரு நன்றிகெட்ட பிள்ளையா என்று இரண்டு மாதம் உன்னைச் சுவரைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோபத்தையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் பங்குனியில் வியட்நாம் போனேன். மீகாங் ஆறு பல கிளையாகப் பிரிந்து கடலில் சேரும் நெல் நாடு. விமானத்திலிருந்து கீழே பார்த்ததும் பாத்திமாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கண்ணுக்கு எட்டிய வரை பச்சையும் தண்ணீரும், பச்சையும் தண்ணீரும். கொள்ளிடத்தைப் பார்த்தே மலைத்தவள் நான். அங்கே ஒவ்வொரு கிளையும் ஒரு கொள்ளிடம். சந்தையே தண்ணீர் மேல் மிதக்கிறது, அன்னாசிப் பழத்தைப் படகுக்குப் படகு வீசிப் பிடிக்கிறார்கள். இறங்கியதும் சேற்று வாசனை வந்தது பார், அது நம் வாசனை. நடவு முடிந்த வயலின் வாசனை. பேருந்தில் உட்கார மாட்டேன், வரப்பில் நடக்க வேண்டும் என்று வழிகாட்டியிடம் அடம் பிடித்தேன். கடலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எங்களை இறக்கிவிட்டார்.

அங்கே ஒரு வயல். நட்டு ஒரு மாதம் ஆன பயிர். தண்ணீர் வற்றி, மண் வெடிப்பு விட ஆரம்பித்திருந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் ததும்பிக்கொண்டு நிற்கிறது. நடுவில் மடை வாயில் ஒரு முழ அகலத்துக்கு மண் அடைப்பு, நன்றாக அறைந்து மெழுகியிருந்தது. எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. எவன் செய்த அநியாயம் இது, பச்சைப் பயிர் காய்கிறதே! பாத்திமா பின்னால் ஏதோ பேசிக்கொண்டு வருகிறாள், வழிகாட்டி யாருக்கோ படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு யோசனை வருவதற்கு முன்னால் வலது கால் செருப்பிலிருந்து வெளியே வந்துவிட்டது. குதிகாலால் நாலு இடி. அறுபத்தாறு வயதிலும் அதே கால். தண்ணீர் குபுகுபுவென்று வயலுக்குள் பாய்ந்தது. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பெருமையாக நிமிர்ந்தேன்.

அப்போதுதான் அந்த அம்மாள் ஓடி வந்தாள். என் வயதுதான் இருக்கும், தலையில் ஓலைக் கூம்புத் தொப்பி. ஏதோ அலறிக்கொண்டு வந்தவள் என்னைத் தாண்டிப் போய், பாய்கிற தண்ணீரில் தொப்பென்று உட்கார்ந்து, தன் உடம்பாலேயே மடை வாயை அடைத்தாள். பாத்திமாதான் முதலில் சுதாரித்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண் அள்ளிப் போட்டாள். நான் மரமாக நிற்கிறேன். அடைத்து முடித்ததும் அந்த அம்மாள் வயல் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். பிறகு ஒரு கை தண்ணீர் அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் நாக்கால் தொட்டுப் பார்த்தேன். உப்பு. வேதாரண்யம் கடலில் குளித்துக் கரையேறினால் உதட்டில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த உப்பு. தம்பி, உன் அப்பா நாக்கில் வைத்த மண்தான் எனக்கு ஞாபகம் வந்தது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் என்னைத் திட்டினாள். வழிகாட்டி திட்டை ஒரே வரியில் மொழிபெயர்த்தார், காரணத்தைத்தான் நிறுத்தி விளக்கினார். கோடையில் ஆற்றில் தண்ணீர் குறையும்போது கடல் ஆற்றுக்குள் வெகுதூரம் ஏறி வந்துவிடுமாம். வாய்க்காலில் ததும்பியது அந்தத் தண்ணீர். தாகத்தைப் பயிர் தாங்கும், உப்பைத் தாங்காது என்று மூன்று வாரமாக அந்த மடையை அடைத்துவைத்து, தினமும் இரண்டு வேளை வந்து கசிகிறதா என்று கையால் தடவிப் பார்த்து, மழைக்குக் காத்துக்கொண்டிருக்கிறாள். நான் யாரோ அடைத்த அநியாயம் என்று நினைத்தது, அவளே தன் பயிருக்காக அடைத்தது.

திட்டி முடித்ததும் வீட்டுக்குள் போய், இரண்டு பக்கமும் கயிறு கட்டிய ஓர் இறைகூடையைத் தூக்கி வந்தாள். நான் அதைக் கண்ணால் பார்த்து ஐம்பது வருஷம் இருக்கும்! ஆளுக்கு ஒரு பக்கம் நின்று கயிற்றைப் பிடித்து ஆட்டித் தண்ணீரை மொண்டு வீச வேண்டும். எழுந்துபோய் மறுபக்கக் கயிற்றைப் பிடித்தேன். அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். குனிந்து மொண்டு, நிமிர்ந்து வீசி, குனிந்து மொண்டு, நிமிர்ந்து வீசி, மூன்றாவது வீச்சிலேயே இருவர் கையும் சேர்ந்துவிட்டது. எந்தக் கடலைத் தாண்டி எந்த நாட்டு வயலில் நிற்கிறேன், அவள் பேச்சு எனக்கு ஒரு சொல் தெரியாது, என் முதுகுக்கு அவள் முதுகின் கணக்கு தெரிந்திருக்கிறதே! வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றாலும் எனக்கு மெய்சிலிர்த்தது. நீலப் பனியையும் திரும்பி ஓடும் ஆற்றையும் பார்த்தவள் சொல்கிறேன், உலகத்தில் எனக்குப் பிடித்த இடம் எதுவென்று கேட்டால் அந்த வயலின் மூலைதான். உப்பு பாய்ந்த அந்த மூலையை இறைத்து முடித்த பிறகு, அவள் குடிப்பதற்காகப் பெரிய சாடியில் பிடித்துவைத்திருந்த மழைத்தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து அங்கே ஊற்றிக் கழுவினாள். வேண்டாம் தாயே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கிளம்பும்போது, எப்போது திறப்பீர்கள் என்று கேட்கச் சொன்னேன். வழிகாட்டி கேட்டுச் சொன்ன பதிலை நம் பேச்சில் எழுதுகிறேன். "மழை பேஞ்சு நல்ல தண்ணி வந்தா நானே தொறப்பேன். தெனம் நாக்குல வெச்சுப் பாக்குறவ நான்தானே, எனக்குத் தெரியாதா?" அதைச் சொல்லிவிட்டு என் காலைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பேருந்தில் ஏறியதும் பாத்திமா, "டீச்சர், ஒங்க காலுக்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்றாள். வேறு நேரமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பையைப் பிடித்திருந்த உன் கையை நினைத்து, அடுத்த ஊர் வரும் வரை அழுதேன். வைகாசியில் வழிகாட்டி ஒரு படம் அனுப்பினார். மழை வந்து, அவள் மடையைத் திறந்து, பயிர் பால் பிடித்துப் பச்சையாக நிற்கிறது. என் கால் பட்ட மூலை மட்டும் வைக்கோல் நிறம். நான் கெடுத்தது கெட்டதுதான்.

தம்பி, என்னை மன்னித்துவிடு. பொங்கலுக்காக, பொய்க்காக, அந்தத் தாழ்ப்பாளுக்காக. நீங்கள் இருவரும் எதற்காக அடைத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. உப்பு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றும் தெரியாது. தினமும் நாக்கில் வைத்துப் பார்த்தவர்கள் நீங்கள். இனி ஒருபோதும் கேட்க மாட்டேன். நித்யாவுக்கும் தனியாக எழுதிவிட்டேன், மன்னிப்பு மட்டும், அரைப் பக்கம். உன் பெயரை அதில் எழுதவில்லை. போன வாரம் ஆசாரியை வரச்சொல்லி உன் அறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டேன். பழைய நாலு ஓட்டையிலேயே பொருந்திவிட்டது. இந்தக் கடிதத்தை எழுதும்போது நம் பாமணி ஆற்றில் காவிரித் தண்ணீர் வந்து நாலு நாளாகிறது. அடுத்த வாரம் வேறு கிளை வழியாகக் கீழ்வேளூருக்கும் போய்ச் சேர்ந்துவிடும், நான் உதைத்தாலும் உதைக்காவிட்டாலும். புத்திமதி சொல்லாமல் என்னால் ஒரு கடிதத்தை முடிக்க முடியாது, அதனால் ஒன்றே ஒன்று. ஒரு ஆவணியில் விடுப்பு எடுத்துக்கொண்டு கம்போடியா போ. அந்தப் படித்துறையில் நின்று, ஆகாயத்தாமரை எந்தப் பக்கம் போகிறது என்று பார். பார்த்ததை என்னிடம் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை.

இனி புரட்டாசிக்கு வருகிறேன். உன் ஊர் ஆறு, நம் புதுத் தண்ணீர் போலவே கலங்கலாக ஓடும் என்று படித்தேன். எனக்கு அதைப் பார்க்க வேண்டும். பயணத் தாளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், நாளும் படகுத்துறையின் பெயரும் அதில் இருக்கின்றன. அன்று காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரை, படகுத்துறைக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உன் வீட்டு முகவரி என்னிடம் இருந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன் என்று எனக்கே தெரியும். அதனால் இந்த உறை மேல் எழுதிய கையோடு முகவரிச் சீட்டைப் பாத்திமாவிடம் கொடுத்து, அவள் சிவப்புப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டேன். சாவியும் அவளிடம்தான். நீ வந்தால் என் சந்தோஷத்தை எழுத எனக்கு வராது. வராவிட்டால் ஆற்றைப் பார்த்துவிட்டுப் போகிறேன், ஒரு நாள் முழுக்கப் பார்க்கலாம். கோபப்பட மாட்டேன். அழுவேன், அது என் பாடு. ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்றெழுத்தை மட்டும் நிறுத்திவிடாதே, அதை வைத்துத்தான் வாரம் ஓடுகிறது. தூரத்தில் நின்று என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டும் என்று தோன்றினாலும் அப்படியே போ. எழுந்து ஓடி வர மாட்டேன். இரண்டு காலும் செருப்புக்குள்ளேயே இருக்கும்.

அம்மா